பின் சீட்டை எடுத்தாச்சு

ஒரு மோட்டார் காரின் பின் சீட்டு மெத்தையை எப்படிக் கழற்றுவது என்று எனக்குத் தெரியும். முன் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து ஒரு சாண் தூக்க வேண்டும். பிறகு நம் பக்கமாக இழுக்க வேண்டும். வந்துவிடும். திரும்ப மாட்டுவதற்கு, பின் விளிம்பை முதுகுச் சாய்மானத்துக்கு அடியில் செருகிவிட்டு, முன்பக்கத்தை முழங்காலால் ஓர் அழுத்து அழுத்த வேண்டும். டப்பென்று உட்கார்ந்துகொள்ளும்.

என்னிடம் கார் கிடையாது. வாங்கும் உத்தேசமும் இல்லை; உத்தேசம் இருந்தாலும் என் கணவரின் சம்பளம் அதற்கு ஒத்துக்கொள்ளாது. ஆனாலும் நாலு பேர் கூடிய இடத்தில் கார் என்று யாராவது பேச்செடுத்தால் போதும், இந்த வித்தையை விளக்காமல் நான் விடுவதில்லை. கேட்பவர்கள் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு மழையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள்.

மேலே சொன்ன ஐந்தாறு வாக்கியங்களைக் கண்டுபிடிக்க என் மாமாவுக்கு ஒரு முழு வெள்ளிக்கிழமை ஆயிற்று. எனக்கு அப்போது ஒன்பது வயது. யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எங்கே நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் சர்க்கரை கிடைக்கவில்லை, மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, மாமாவின் கார் மாதத்தில் இருபத்தைந்து நாள் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறது என்பது மட்டும் தெரியும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. ஊரைவிட்டுப் போன ஒரு துரையிடம் அந்தக் காரை வாங்கியிருந்தார். கறுப்புக் கார், உள்ளே காப்பி நிறத்தில் தோல் சீட்டுகள். அந்தத் தோலுக்கு மாமா வாரம் ஒரு முறை தேங்காய் எண்ணெய் தடவுவார். மாமி அதைப் பற்றிச் சொல்லும்போது, தன் தலைக்கு எண்ணெய் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று ஆரம்பிப்பார். அதற்குள் நாங்கள் விளையாடப் போய்விடுவோம்.

விஷயம் என் அக்காவின் கல்யாணம். அக்காவுக்குப் பத்தொன்பது முடியப்போகிறது. இதற்கு முன் இரண்டு வரன்கள் வந்து நின்றுபோயின. ஒன்று, நட்சத்திரம் சரியில்லை என்று. இன்னொன்று, பேசிக்கொண்டிருக்கும்போது கிழக்குச் சுவரில் பல்லி சொல்லிவிட்டது என்று. அதற்குப் பிறகு அம்மா அந்தச் சுவரை விளக்குமாறும் கையுமாகக் காவல் காத்துவந்தார். மூன்றாவதாக வந்தது சிதம்பரத்து வரன். மாப்பிள்ளை பள்ளிக்கூடத்து வாத்தியார். அவருடைய போட்டோ அக்காவின் சுருக்கெழுத்துப் புத்தகத்துக்குள் இருந்தது. அக்கா ஒரு நாளைக்கு எத்தனை தடவை சுருக்கெழுத்துப் படித்தாள் என்பதை வைத்து, இந்த வரன் நின்றுபோகக் கூடாது என்று எனக்கே புரிந்தது.

மாப்பிள்ளையின் தகப்பனாரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சைவ ஆசாரம் தவறாத குடும்பம். மாப்பிள்ளை சிறு பிள்ளையாக இருக்கும்போதே தாயார் தவறிவிட்டார். வளர்த்தது தகப்பனாரின் தங்கை. சின்ன வயதிலேயே கணவனை இழந்து அண்ணன் வீட்டோடு இருப்பவர். முறைப்படி பெண் பார்க்க மற்றவர்கள் பிறகு வருவார்கள்; அதற்கு முன் இந்த அம்மாள் மட்டும் சும்மா வந்து ஒரு பார்வை பார்க்க வேண்டும். அவர் சரி என்றால் சரி. ரயிலில் பட்டாளத்துக் கூட்டம்; ஆகையால் கார் அனுப்பினால் நல்லது. ஆனால் எங்கள் வீட்டுப் பெண்கள் தோலில் உட்கார்வதில்லை. பின் சீட்டை எடுத்துவிட்டுப் பலகை போட்டு அனுப்பவும்.

அப்பா இதை உரக்கப் படித்தார். அவர் பத்திரப் பதிவு ஆபீஸில் குமாஸ்தா. எழுதியிருப்பதைப் படிப்பதைவிட, எழுதாமல் விட்டது என்ன என்று கண்டுபிடிப்பதில்தான் அவருக்குத் திறமை.

எனக்குச் சில சந்தேகங்கள் இருந்தன. முதல் சந்தேகம்: யார் சரி என்றால்தான் கல்யாணமோ, அந்த அம்மாள் ஏன் முறைப்படி எல்லாரோடும் வரக் கூடாது?

“அது வேற,” என்றார் அப்பா.

“கோயில்ல மத்தளம் அடிக்கிறாங்களே, அது தோலுதானே?”

“அது வேற.”

எங்கள் வீட்டில் பெரியவர்களுக்குத் தெரியாத விஷயங்கள் எல்லாம் ‘அது வேற’ என்ற ஒரே அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. தெரிந்த விஷயங்களும் அதற்குள்தான் இருந்தன என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மாமா திருப்புளியும் கையுமாகக் காருக்குள் நுழைந்தார். மறுநாள் விடியற்காலை சிதம்பரம் போக வேண்டும். இரண்டு மாதத்துப் பெட்ரோல் கூப்பனை இதற்காகவே சேர்த்து வைத்திருந்தார். காருக்குள் இருக்கும் எதையும் திருகாணிதான் பிடித்துக்கொண்டிருக்கும் என்பது மாமாவின் கட்சி. கண்ணுக்குத் தெரிந்த நான்கு திருகாணிகளைக் கழற்றினார். கண்ணாடி ஏற்றும் கைப்பிடி கையோடு வந்தது. கதவின் உள் தகடு வந்தது. மெத்தை அசையவில்லை. முன் சீட்டில் முதுகைக் கொடுத்து, பின் சீட்டை இரண்டு காலாலும் உதைத்தார். கார் முழுவதும் குலுங்கியது. மெத்தை மட்டும் துரையைப் போல உட்கார்ந்திருந்தது. அதன் மேல் நானும் உட்கார்ந்திருந்தேன் என்பது ஒரு மணி நேரம் கழித்துத்தான் யாருக்கோ தோன்றி, என்னைத் தூக்கி வெளியே விட்டார்கள். அப்படியும் அது வரவில்லை.

அன்றைக்கு ஆபீஸுக்கு லீவு போட்டிருந்த அப்பா, கார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். “இன்னா மச்சான், வருதா?”

“வரும் மாமா. லூஸ் ஆயிட்டே இருக்கு.”

“காரா, சீட்டா?”

மாமா இன்னோர் உதை விட்டார்.

நாலு மணிக்கு அம்மா காப்பி கொண்டுவந்தார். டம்ளரை வைக்க இடமில்லை. ஒரு கையில் டம்ளரோடு, நெல் குதிருக்கு மூடி திறப்பதுபோல மறு கையால் மெத்தையின் முன் விளிம்பைத் தூக்கி, “இதத்தான் எடுக்கணுமா?” என்று தன் பக்கம் இழுத்தார். அது வந்துவிட்டது.

மாமா திருப்புளியைக் கீழே வைத்தார்.

“நான்தான் அக்கா லூஸ் பண்ணி வச்சிருந்தேன்,” என்றார் மாமா.

அடியில் ஒரு பெரிய குழி. குழியில் பாட்டரி, வேர்க்கடலைத் தோல், போன வருஷம் நான் தொலைத்த ரிப்பன், துரை குடித்துப் போட்ட சுருட்டு, ஓர் ஓட்டை. ஓட்டை வழியாகத் தெரு தெரிந்தது. வீட்டில் விருந்தாளிகளுக்குப் போடும் பலாப் பலகையைக் கொண்டுவந்து குழியின் மேல் வைத்தார்கள். பலகைக்கும் குழிக்கும் ஓர் அரை அடி தகராறு. ஒரு பக்கம் தாங்கினால் மறுபக்கம் உள்ளே இறங்கியது. செங்கல் வைத்து முட்டுக் கொடுக்கலாமே என்றார் அப்பா. துரையின் காருக்குள் செங்கலா என்று மாமா கண் கலங்கிவிட்டார். ஊஞ்சல் பலகையை இறக்கிக்கொண்டு வந்தார்கள்; அதை வைத்தால் கதவு சாத்தவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் மாமா ஒரு முடிவுக்கு வந்தார். மெத்தையைத் திரும்ப உள்ளே போட்டார். போட்டார் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். முதலில் முன்பின்னாக வைத்தார், பிறகு தலைகீழாக. கடைசியில் இந்தத் தடவையும் அம்மா வந்து முழங்காலால் ஓர் அழுத்து அழுத்தியதும் டப்பென்று உட்கார்ந்தது. மெத்தை மேல் பலாப் பலகை. பலகை மேல் கோரைப் பாய். பாயின் மேல் சலவை வேட்டியை விரித்து, நான்கு பக்கமும் தோல் தெரியாமல் தொங்கவிட்டார்கள். பார்த்தால் பலகை மட்டும் போட்ட கார்தான்.

“தோல எடுக்கலியே?” என்றேன் நான்.

அப்பா என்னைக் கூப்பிட்டு எதிரில் நிறுத்திக்கொண்டார். “இத பாரு. சீட்ட எடுத்தோமா இல்லியா?”

“எடுத்தோம்.”

“உன் கண்ணால பாத்தியா?”

“பாத்தேன்.”

“யாராச்சும் கேட்டா, எடுத்தாங்கன்னு சொல்லு. அது பொய் இல்ல. திருப்பி வச்சீங்களான்னு அவுங்க கேட்டாத்தானே அடுத்த பேச்சு?”

நான் குழம்பிப்போய் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தன் தம்பியைப் பார்த்தார். மாமா கண்ணாடிக் கைப்பிடியைக் கதவில் எந்தப் பக்கம் மாட்டுவது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னை எதற்கு இவ்வளவு தயார் செய்தார்கள் என்றால், நானும் சிதம்பரத்துக்குப் போகிறேன். ஒரு பெண்பிள்ளை தனியாக அந்நிய ஆணோடு காரில் வருவது முறையில்லை. துணைக்கு ஒரு பெண் வேண்டும். அம்மாவுக்குச் சமையல் இருந்தது. மாமி எண்ணெய் விஷயத்தைச் சொல்லிவிடக்கூடும். ஆகவே சிதம்பரத்து மானத்துக்கும் திருப்பாதிரிப்புலியூர் மானத்துக்கும் நானே காவல். அன்றிரவு அக்கா என் பின்னலை இறுக்கிக்கொண்டே, “அங்க போய் எதையாச்சும் உளறினே, ஜென்மத்துக்கும் உங்கூடப் பேச மாட்டேன்,” என்றாள். குரல் நடுங்கியது. பின்னல் வலித்ததால் அதை நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பி, குறிஞ்சிப்பாடி வழியாகப் புவனகிரி தாண்டி, கோபுரம் கண்ணில் படும்போது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கீழ வீதிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வீடு. கூடத்தில் மாப்பிள்ளையின் தகப்பனார் ஜமுக்காளத்தின் மேல் இலவம்பஞ்சுத் திண்டில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சிதம்பரத்து ஐயா என்றுதான் எங்கள் வீட்டில் அவரைச் சொல்வோம். நெற்றி நிறைய திருநீறு. எழுந்து வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டார். புதுச் செருப்பு. நடக்கும்போது கறுமுறு என்றது. நல்ல தோல்.

நான் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். கால் தோலைத் தொடலாம், மற்றது தொடக் கூடாது போலிருக்கிறது. கேட்டால் அதுவும் வேறயாக இருக்கும் என்று கேட்கவில்லை.

அவர் கார்க் கதவைத் திறந்து, விரல் முட்டியால் பலகையைத் தட்டிப் பார்த்தார்.

“தோல எடுத்துட்டீங்களா தம்பி?”

“எடுத்தாச்சுங்க,” என்றார் மாமா. ரொம்ப வேகமாகச் சொல்லிவிட்டார். ஐயா என் பக்கம் திரும்பினார்.

“பாப்பா நீ சொல்லு. சீட்ட எடுத்தாங்களா?”

“எடுத்தாங்க. நான் கண்ணால பாத்தேன். அம்மாதான் எடுத்தாங்க.”

மாமா இருமினார். ஐயாவுக்குத் திருப்தி. “கொழந்தை வாய்ல பொய் வராது,” என்று சொல்லி, உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

அந்த அம்மாள் வெளியே வந்தார். ஐம்பது வயது இருக்கும். ஒடிசலான உடம்பு. வெள்ளைப் புடவையைத் தலையைச் சுற்றி இழுத்துவிட்டிருந்தார். கையில் ஒரு துணிப் பையும் ஒரு தண்ணீர்ச் செம்பும். அண்ணனைக் கடந்து வரும்போது சுவரோரமாக ஒதுங்கி வந்தார். ஏறி உட்கார்ந்தார். பக்கத்தில் நான்.

பலகை தரையில் இருந்தால் யாராவது உட்காரும்போது சும்மா இருக்கும். ஸ்பிரிங் மெத்தையின் மேல் இருந்தால் அப்படி இருக்காது. அந்த அம்மாள் உட்கார்ந்ததும் அவர் பக்கம் கீழே போயிற்று. என் பக்கம் மேலே வந்தது. கார் கிளம்பியதும் நாங்கள் இருவரும் படகில் போவதுபோல ஏறி இறங்கினோம். அந்த அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே ஒரு பனைமரத்தைப் பார்த்தேன். அது போய்விட்டதும் அடுத்த பனைமரத்தைப் பார்த்தேன். நல்ல வேளையாக அந்தப் பக்கத்தில் பனைமரத்துக்குப் பஞ்சமில்லை.

புவனகிரி தாண்டி ஒரு பெரிய பள்ளம். மாமா அதைத் தவிர்க்கப் பார்த்து, தவிர்க்காமல் நடுவில் இறக்கினார். பலகை எகிறி ஒரு பக்கம் சரிந்தது. வேட்டி, பாய் எல்லாம் அதோடு போயிற்று. அந்த அம்மாள் வழுக்கி, காப்பி நிறத் தோலின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டார்.

கல்யாணம் நின்றுவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அக்காவின் பேசாத முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. மாமாவுக்கு ஒன்றும் தெரியாது; அடுத்த பள்ளத்தை எதிர்பார்த்து ஸ்டீரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் சத்தம் போடப்போகிறார், காரை நிறுத்தச் சொல்லப்போகிறார், இறங்கி நடந்தே சிதம்பரம் போகப்போகிறார் என்று காத்திருந்தேன்.

அவர் உள்ளங்கையை மெத்தையில் வைத்தார். மெல்ல அழுத்தினார். அது உள்ளே போயிற்று. கையை எடுத்தார். அது மேலே வந்தது. திரும்பவும் அழுத்தினார். திரும்பவும் வந்தது.

“பலகைய அந்தப் பக்கம் நகத்து பாப்பா,” என்றார். மாமாவுக்குக் கேட்காத குரலில்.

நான் பலகையைக் கதவோரமாகச் சாய்த்து நிறுத்தினேன். அந்த அம்மாள் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். காலைத் தூக்கி மடக்கிக்கொண்டார். கண்ணை மூடினார். தோலில் உட்கார்ந்து மயக்கம் வந்துவிட்டதோ என்று எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் முகத்தைப் பார்த்தால் மயக்கம்போலத் தெரியவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: “உனக்கு எத்தினி வயசு?”

“ஒம்போது.”

“ராத்திரி எதுல படுப்பே?”

இது என்ன கேள்வி என்று எனக்குப் பட்டது. “மெத்தைலதான். அக்காவும் நானும். அக்கா உதைக்கும்.” சொன்ன பிறகுதான், பெண் பார்க்க வருகிறவரிடம் சொல்லக்கூடிய செய்தி அல்ல இது என்று தோன்றி, “தூக்கத்துலதான் உதைக்கும். முழிச்சிட்டிருக்கும்போது உதைக்காது,” என்று சேர்த்துக்கொண்டேன்.

அந்த அம்மாள் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். “எங்கிட்டயும் ஒண்ணு இருந்துச்சு. எங்க அம்மா தச்சது. எனக்கு ஒம்போது வயசு இருக்கச்சே எடுத்துட்டாங்க.”

“ஏன் எடுத்தாங்க?”

“அது வேற.”

சிதம்பரத்திலும் அந்த அலமாரி இருந்தது.

“எடுத்துட்டுத் திருப்பி வைக்கலியா?” என்று கேட்டேன். எங்கள் வீட்டில் எடுத்ததைத் திருப்பி வைத்தார்களே, அந்த ஞாபகத்தில்.

“இல்ல கண்ணு,” என்றார். அதற்குப் பிறகு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பனைமரங்களைத்தான். ஆனால் என்னைப்போல அவற்றின் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லை, உண்மையிலேயே பார்த்தார்.

எங்கள் ஊர் எல்லையில் கெடிலம் ஆறு வந்ததும், “பலகைய எடுத்துப் போடு,” என்றார். இரண்டு பேருமாகப் பலகையை வைத்து, பாயைப் போட்டு, வேட்டியை இழுத்துவிட்டோம். வேட்டியை நான்கு பக்கமும் தோல் தெரியாமல் அவரே சரி செய்தார். என் மாமாவைவிட நன்றாகச் செய்தார். பிறகு பலகையின் மேல் ஏறி, முதுகை நிமிர்த்தி, சிதம்பரத்தில் உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்துகொண்டார்.

வீட்டு வாசலில் அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “பலகை ரொம்ப சிரமப்படுத்திடுச்சுங்களா?”

“இடுப்புதான் கொஞ்சம் நோவுது. ஆசாரம்னா அப்படித்தானே,” என்றார் அந்த அம்மாள், என் பக்கம் திரும்பாமலே.

பொய் என்பது இரண்டு பக்கமும் இவ்வளவு மரியாதையாகச் சொல்லப்படக்கூடிய ஒன்று என்று நான் அதுவரை நினைத்ததில்லை.

பெண் பார்த்தது பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. பல்லி வரவில்லை. அக்கா காப்பித் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள். அந்த அம்மாள் அவளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளைக்குக் கத்தரிக்காய் ஆகாது என்பது உட்பட ஐந்து நிமிஷம் தாழ்ந்த குரலில் பேசினார். பிறகு அம்மாவைப் பார்த்து, “எனக்குப் புடிச்சிருக்கு. எங்க அண்ணங்கிட்ட சொல்லிடறேன்,” என்றார். அவ்வளவுதான். அக்கா உள்ளே போய் அழுதாள். இப்போது எதற்கு அழுகிறாள் என்று கேட்டதற்கு, நான் எதிர்பார்த்த பதிலையே அம்மா சொன்னார்.

பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் வெளியே ஒரு காரியம் நடந்தது. மாமாவின் மனசாட்சி விழித்துக்கொண்டது. அவ்வளவு நல்ல அம்மாள். பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்ட அம்மாள். அவரைப்போய்த் தோலில் உட்கார வைத்து ஏமாற்றினோமே என்று அவருக்குத் தாளவில்லை. வித்தைதான் இப்போது தெரியுமே. தூக்கி இழுத்தார், மெத்தை வந்துவிட்டது. துரையின் காரா, செங்கலா என்று பார்க்கவில்லை. குழியில் நான்கு செங்கல், ஒரு மரக்கட்டை, அதன் மேல் பலகை. கல்லுப்போல நின்றது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“இப்ப யார் கேட்டாலும் தைரியமா சொல்லு. நெஜமாவே எடுத்தாச்சு.”

மெத்தை மதில் சுவரோரம் வெயிலில் கிடந்தது. எங்கள் பூனை ஏற்கெனவே அதைக் கண்டுபிடித்து, நடுவில் சுருண்டு படுத்திருந்தது.

மூன்று மணிக்கு அந்த அம்மாள் கிளம்பினார். துணைக்கு நான் மறுபடியும். வீட்டில் எல்லாரும் வாசலில் நின்றோம். அவர் ஏறி உட்கார்ந்தார். பலகை அசையவில்லை. கையை வைத்து அழுத்திப் பார்த்தார். பலகையை அழுத்தினால் என்ன ஆகும்? மதில் பக்கம் பார்த்தார். பூனை ஒரு காலை நீட்டி முழித்துப் பார்த்துவிட்டு, திரும்பவும் சுருண்டுகொண்டது. பிறகு அவர் என்னைப் பார்த்தார்.

“தம்பி,” என்று மாமாவைக் கூப்பிட்டார். “இவ்ளோ தூரம் கொழந்த எப்படிப் பலகைல உக்காந்துக்கினு வரும்? இடுப்பு ஒடிஞ்சிடாதா? அந்த மெத்தைய உள்ள போட்டு, அது மேல பலகைய வச்சிடுங்களேன். மெத்தை கொழந்தைக்கு. பலகை எனக்கு. தோலு என் மேல படாது.”

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா, இதில் எழுதாமல் விட்டது என்ன என்று யோசிப்பது தெரிந்தது. “அப்டி பண்ணலாங்களா? உங்க அண்ணன்...” என்று மாமா இழுத்தார்.

“கொழந்தைக்காகன்னு நான் சொல்லிக்கறேன்.”

மாமா பூனையை விரட்டினார். மெத்தையைத் தூக்கினார். கார் வரை கொண்டுவந்துவிட்டார்.

என்னை என் தாயார் நல்ல முறையில் வளர்த்திருந்தார். பெரியவர்கள் எதைக் கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். போதாதற்கு, இது ஒரு பரீட்சை என்று எனக்குப் பட்டது. பெண்ணின் தங்கை எப்படிப்பட்டவள், தோலுக்கு ஆசைப்படுகிறவளா என்று பார்க்கிறார். ஆமாம் என்றால் கல்யாணம் போயிற்று. அக்கா கதவுக்குப் பின்னாலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு மெத்தை வேணாம்,” என்றேன்.

“நெஜமாத்தான் சொல்றியா பாப்பா?”

“நெஜமா. எனக்குப் பலகைதான் புடிக்கும்.”

மூன்றாம் தடவை அவர் கேட்கவில்லை.

அம்மாவின் முகம் பூரித்துப்போயிற்று. “ஒம்போது வயசுல இன்னா அடக்கம் பாருங்க,” என்றார் அப்பா. மாமா மெத்தையை மறுபடியும் மதிலோரம் கொண்டுபோய்ச் சாய்த்தார். பூனை அதுவரை பக்கத்திலேயே காத்துக்கொண்டிருந்தது.

சிதம்பரம் வரை அந்த அம்மாள் பேசவில்லை. கோபம்போல இருக்கிறது என்று நினைத்தேன். பரீட்சையில் எங்கோ தப்புச் செய்துவிட்டேனோ என்று பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன். தப்பு ஒன்றும் தட்டுப்படவில்லை. குறிஞ்சிப்பாடி வருவதற்குள் என் இடுப்பு உண்மையிலேயே ஒடிந்துவிட்டது. ஒவ்வொரு பள்ளமும் செங்கல் வழியாக ஏறி, பலகை வழியாக என் தலைக்கு வந்தது. நான் நெளிந்தேன். எனக்குப் பலகைதான் பிடிக்கும் என்று சொல்லிவிட்டதால், பிடித்திருக்கிற மாதிரி நெளிய வேண்டியிருந்தது.

அந்த அம்மாள் பார்த்தார். தன் துணிப் பையை எடுத்து எனக்கு அடியில் வைத்தார். என் தலையை இழுத்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். பள்ளம் வரும்போதெல்லாம் ஒரு கையால் என் தலையைப் பிடித்துக்கொண்டார். மறு கையைப் பலகையில் ஊன்றிக்கொண்டார். புவனகிரிப் பள்ளம் எப்போது வந்து போயிற்று என்று எனக்குத் தெரியாது. நன்றாகத் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது சிதம்பரம். ஐயா செருப்பு கறுமுறுவென்று ஒலிக்க வந்து, பலகையைத் தட்டி, வேட்டியைத் தூக்கிப் பார்த்தார். செங்கல்லைக் கண்டதும் முகம் மலர்ந்தது. இப்படி ஒரு யோக்கியமான குடும்பத்தை அவர் பார்த்ததில்லையாம். மாமா தலை குனிந்து நின்றார். அந்த அம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். இடுப்பில் கையை வைத்து ஒரு நிமிஷம் நின்றார். பிறகு சுவரோரமாகவே உள்ளே போனார்.

அன்று அங்கேயே தங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை நானும் மாமாவும் ஊர் திரும்பினோம். வீட்டில் எனக்கு ஏக மரியாதை. அக்கா தன் புது ரிப்பனைக் கொடுத்தாள். நான் வேண்டாம் என்று சொன்ன கதையை அம்மா தெருவில் நான்கு வீட்டில் சொல்லிவிட்டிருந்தார். ஒரு கல்யாணத்தை நானே நடத்தி வைத்த மாதிரி நடந்துகொண்டேன்; சுமார் இருபது வருஷம் அப்படித்தான் நடந்துகொண்டேன் என்று அக்கா சொல்கிறாள்.

மாமா செங்கற்களை எடுத்துப் போட்டுவிட்டு, பூனையைத் தள்ளி, மெத்தையை உள்ளே கொண்டுபோனார். பின் விளிம்பைச் செருகி முழங்காலால் அழுத்தினார். யாருடைய உதவியும் இல்லாமல் டப்பென்று உட்கார்ந்தது. நான் மெச்ச வேண்டும் என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் அதன் மேல் ஏறி இரண்டு குதி குதித்தேன். பிறகு அந்த அம்மாளின் ஞாபகம் வந்தது. அவர் வைத்த மாதிரியே உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்தினேன். உள்ளே போயிற்று. கையை எடுத்தேன். மேலே வந்தது. திரும்பவும் அழுத்திப் பார்த்தேன்.

அதில் ஒன்றும் இல்லை. வெறும் மெத்தைதான்.